ஹைப்ரிட் பிக்கிங்கில் டபுள் ஸ்டாப்: இடது கை ஒன்று பிடிக்க, வலது கை மூன்று வாசிக்கும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வருடமாகப் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து கிட்டார் வாசிக்கிறீர்கள். கார்டு, ஸ்கேல் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. டபுள் ஸ்டாப், அதாவது இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது, வரும் இடங்களில் இரண்டு கம்பிகளையும் பிக்காலேயே ஒரே இழுப்பில் அடித்துவிடுகிறீர்கள். ஹைப்ரிட் பிக்கிங்தான், அதாவது பிக்கோடு மற்ற விரல்களையும் சேர்த்து மீட்டுவதுதான், சரியான வழி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முயன்று பார்த்தால் பிக் அடித்த சுரம் காதைப் பிளக்கிறது, விரல் மீட்டிய சுரம் இருக்கும் இடமே தெரியவில்லை, பத்து நிமிடத்தில் கை இறுகிப்போகிறது. இது உண்மையிலேயே தேவையா, தேவை என்றால் எந்த விரல், நகம் வளர்க்க வேண்டுமா? இவ்வளவுதானே?

தேவையா என்றால், எல்லா டபுள் ஸ்டாப்புக்கும் தேவையில்லை. சக் பெர்ரி 1950-களில் வாசித்த டபுள் ஸ்டாப்புகள் பெரும்பாலும் அடுத்தடுத்த கம்பிகளில், பிக்கால் கீழ்நோக்கி ஓங்கி அடித்தவை. அந்த முரட்டுத்தனம்தான் அங்கே அழகு. அதை விரலால் நாசூக்காக மீட்டினால் ராக் அண்ட் ரோல் தூங்கிவிடும். ஆக, "சரியான வழி" என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் சரி. ஆனால் ஒரு கம்பியைத் தாண்டி அடுத்த கம்பியோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்றாலோ, இரண்டு சுரமும் துளி முன்பின் இல்லாமல் ஒன்றாகப் பிறக்க வேண்டும் என்றாலோ பிக் மட்டும் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

டபுள் ஸ்டாப் என்ற பெயர் வயலினிலிருந்து வந்தது. கம்பியை விரலால் அழுத்துவதை அங்கே ஸ்டாப் என்பார்கள். இரண்டு கம்பிகளை ஒருசேர வில்லால் இழுத்தால் டபுள் ஸ்டாப். இரண்டில் ஒன்றை அழுத்தாமல் திறந்தே விட்டாலும் பெயர் அதுதான். வில் இரண்டு கம்பிகள் மேலும் ஒரே நேரத்தில் உட்கார முடியும். பிக்கால் அது முடியாது. பிக் ஒரு கம்பியைத் தாண்டித்தான் அடுத்ததைத் தொடும். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். காது அதை இரண்டு சுரமாகப் பிரித்துக் கேட்காது, ஆனால் "த்ரிங்" என்று ஒரு உரசலாகக் கேட்கும். பிக் ஒரு கம்பியையும் விரல் இன்னொரு கம்பியையும் ஒரே சமயத்தில் விட்டால் "டிங்". அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் போனிலேயே இரண்டையும் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மூன்றாவது கம்பியையும் முதல் கம்பியையும் (மிக மெல்லியதுதான் முதல் கம்பி) சேர்த்து வாசிக்கிறீர்கள் என்று வையுங்கள். நடுவில் இரண்டாவது கம்பி இருக்கிறது. பிக்கால் அடித்தால் அதையும் கடந்துதான் போக வேண்டும். எனவே இடது கை விரலின் சதையால் அதைத் தொட்டு மியூட் செய்ய வேண்டும். செய்யலாம், பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் தவறினாலும் வேண்டாத சுரம் ஒன்று நடுவில் எட்டிப் பார்க்கும். ஹைப்ரிட் பிக்கிங்கில் அந்தக் கம்பியைத் தொடுவதே இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

நான் சொல்ல வந்த விஷயத்தின் மையத்துக்கு இப்போது வருகிறேன். டபுள் ஸ்டாப்பை இடது கை வித்தை என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்து, தேர்ட்ஸுக்கு ஒரு அட்டவணை, சிக்ஸ்த்ஸுக்கு ஒரு அட்டவணை, ஃபோர்த்ஸுக்கு இன்னொன்று என்று மனப்பாடம் செய்து மாய்ந்து போகிறார்கள். நானும் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க வரைந்து வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனைக்கும் ஒரே வரிசை போதும் என்று.

கிட்டாரை எடுத்து முதல் மூன்று கம்பிகளை மட்டும் பாருங்கள். கீழே உள்ள எண்கள் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) எண்கள், 0 என்றால் திறந்த கம்பி, மூன்றாவது கம்பி, இரண்டாவது கம்பி, முதல் கம்பி என்ற வரிசையில்:

0-0-0, 2-1-2, 4-3-3, 5-5-5, 7-7-7, 9-8-8, 11-10-10, 12-12-12

இது ஜி மேஜர் ஸ்கேல் மூன்று மூன்று சுரங்களாக மேலே ஏறுவது. 4-3-3 என்பது ஜி மேஜர் கார்டு, 5-5-5 ஏ மைனர், 7-7-7 பி மைனர், 9-8-8 சி மேஜர், 11-10-10 டி மேஜர், 12-12-12 ஈ மைனர். திறந்த கம்பிகளும் அதே ஈ மைனர்தான், ஒரு ஸ்தாயி கீழே. 2-1-2 மட்டும் கொஞ்சம் கோணலான டிமினிஷ்டு. அதை இப்போதைக்குத் தாண்டிப் போகலாம்.

இப்போது 4-3-3-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். பிக் மூன்றாவது கம்பியில், நடுவிரல் இரண்டாவது கம்பியில், மோதிர விரல் முதல் கம்பியில். ஜி-யை ஸ என்று வைத்தால், உங்கள் கையில் இருப்பது க, ப, மேல் ஸ. பிக்கும் நடுவிரலும் சேர்ந்தால் க-வும் ப-வும் ஒலிக்கும், அது தேர்ட். பிக்கும் மோதிர விரலும் சேர்ந்தால் க-வும் மேல் ஸ-வும், அது சிக்ஸ்த். பிக்கை விட்டுவிட்டு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்தால் ப-வும் மேல் ஸ-வும், அது ஃபோர்த். இடது கை அசையவே இல்லை, ஆனால் மூன்று விதமான டபுள் ஸ்டாப் வந்துவிட்டது. வரிசையில் எந்த இடத்துக்குப் போனாலும் கதை இதுதான். எந்த இரண்டு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது வலது கை. பிக் மட்டும் வைத்து வாசிக்கிறவருக்கு இந்தத் தேர்வு இவ்வளவு சுலபமாக அமையாது, அதனால்தான் அவருக்கு மூன்று அட்டவணை தேவைப்படுகிறது.

வீணை வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டைக் கீழ்நோக்கி மீட்டிக்கொண்டிருக்க, சுண்டுவிரல் தன் பாட்டுக்குத் தாளக் கம்பிகளை மேல்நோக்கி மீட்டும். ஒரே கையில் இரண்டு வேலை, இரண்டு திசை. ஹைப்ரிட் பிக்கிங்கிலும் அப்படித்தான்: பிக் கீழே போகிறது, விரல் மேலே வருகிறது.

இனி உங்கள் தொந்தரவுகளுக்கு வருவோம்.

பிக் சத்தம் பெரிது, விரல் சத்தம் சிறிது. இதற்கு எல்லோரும் செய்யும் தவறு, விரலால் இன்னும் ஓங்கி இழுப்பது. விரலைக் கம்பிக்குக் கீழே கொக்கி போல மாட்டி வெளியே இழுக்கிறீர்கள். கம்பி எகிறிப்போய் ஃபிரெட்டில் அடிபட்டு "டப்" என்கிறது, கையும் கிட்டாரிலிருந்து துள்ளுகிறது. விரலை விட்டுவிடுங்கள், பிக்கைக் குறையுங்கள். பிக்கின் நுனியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கம்பிக்குள் போகக் கூடாது. பிக்கைக் கொஞ்சம் சாய்த்து, தட்டையாக அடிக்காமல் ஓரத்தால் வருடினால் அதன் கூர்மையான சத்தமும் மழுங்கும். விரல் இயல்பாக எவ்வளவு சத்தம் தருகிறதோ அதுதான் அளவுகோல். பிக் அந்த அளவுக்கு இறங்கி வர வேண்டும். முதல் சில நாட்கள் எல்லாமே மெதுவாகக் கேட்கும். பரவாயில்லை. இரண்டும் சமமான பிறகு இரண்டையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

விரல் அசைய வேண்டியது உள்ளங்கையோடு சேரும் பெரிய மூட்டிலிருந்து, உள்ளங்கையை நோக்கி. கையை மெல்ல மூடுவது போல. நுனி மூட்டை மட்டும் மடக்கி இழுத்தால் கொக்கிதான். இன்னொன்று: விரல் காற்றிலிருந்து வந்து கம்பியைத் தாக்கக் கூடாது. முன்கூட்டியே கம்பி மேல் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பிக்கும் அதன் கம்பியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் உட்கார்ந்த பிறகு ஒரு சின்ன நிதானம், பிறகு இரண்டும் சேர்ந்து விடுதல். வேகம் வரும்போது அந்த நிதானம் தானாகக் கரைந்துவிடும். அதுவரை அதைத் தவிர்க்காதீர்கள். ஒரு உபரி லாபமும் உண்டு: விரல் மீண்டும் உட்காரும் கணத்தில் பழைய ஒலி நின்றுவிடும், டபுள் ஸ்டாப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழியாமல் கத்தரித்தது போல விழும்.

கை இறுகுவது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, பிக்கைத் திருடன் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்பது போலப் பிடிக்கிறீர்கள். மற்ற மூன்று விரல்களுக்கும் வேலை வந்தவுடன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக இறுகும், அது எல்லோருக்கும் நடப்பது. வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, இடது கையால் பிக்கைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லேசாக வழுக்கி வர வேண்டும். இரண்டாவது, சுண்டுவிரலைக் கிட்டார் உடம்பில் ஊன்றி வைக்கும் பழக்கம். பிக் மட்டும் வாசிக்கும்போது அது தொந்தரவு செய்யாது. ஹைப்ரிட் பிக்கிங்கில் சுண்டுவிரல் ஊன்றியிருந்தால் பக்கத்திலிருக்கும் மோதிர விரலைக் கட்டிப்போட்டது போல ஆகும். ஊன்ற வேண்டும் என்றால் உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் லேசாக வையுங்கள். எனக்கு இந்தச் சுண்டுவிரல் பழக்கம் போக ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. விரலில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்துக்கொள்வேன். ஊன்றும்போதெல்லாம் அது உறுத்தி ஞாபகப்படுத்தும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இறுக்கம் வேறு, வலி வேறு. இறுக்கம் வந்தால் கையை உதறிவிட்டுத் தொடரலாம். மணிக்கட்டிலோ முழங்கைப் பக்கமோ வலித்தால் அன்றைக்குக் கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

எந்த விரல்? மூன்று-இரண்டு போல அடுத்தடுத்த கம்பிகள் என்றால் பிக்கும் நடுவிரலும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்று-ஒன்று என்று தாண்டும்போதுதான் இரண்டு கட்சி. ஒரு கட்சி அங்கேயும் நடுவிரலையே நீட்டும், ஏனென்றால் அது வலுவான விரல். இன்னொரு கட்சி கம்பிக்கு ஒரு விரல் என்று மோதிர விரலை வைக்கும். சிக்ஸ்த்ஸ் மட்டும் வரிசையாக ஓடும் ஒரு பத்தி என்றால் நடுவிரல் நல்லது என்பது என் அனுபவம். சத்தம் சீராக வரும். ஆனால் மேலே சொன்ன மாதிரி ஒரே இடத்தில் நின்று தேர்ட், சிக்ஸ்த், ஃபோர்த் என்று மாற்றி மாற்றி வாசிக்க மோதிர விரல் இல்லாமல் முடியாது. எனவே மோதிர விரலை இப்போதே பழக்கிவிடுங்கள். சோம்பேறி விரல்தான், நடுவிரல் அசைந்தால் கூடவே அசையும், தனியாக அசையச் சொன்னால் முறைக்கும். தசைநார்கள் அப்படிப் பிணைந்திருக்கின்றன, உங்கள் குற்றம் இல்லை. சுண்டுவிரலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான்கு சுரக் கார்டுகளை ஒரே சுண்டில் வாசிக்கும்போது அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

முதல் வாரம் இடது கையே வேண்டாம். அந்த வரிசை 0-0-0 என்றுதானே தொடங்குகிறது? திறந்த மூன்று கம்பிகளிலேயே தேர்ட், ஃபோர்த், சிக்ஸ்த் மூன்றும் இருக்கின்றன. மெட்ரோனோமை 60-இல் வைத்து, முதல் தட்டுக்குப் பிக் மட்டும், இரண்டாவது தட்டுக்கு நடுவிரல் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் சேர்ந்து, நான்காவதற்கு மௌனம். மூன்றாவது தட்டில் கேட்பது முதல் இரண்டு தட்டுகளில் கேட்டதன் கூட்டாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு "டப்"போ உரசலோ இருக்கக் கூடாது. நடுவிரல் பழகிய பிறகு மோதிர விரல். அதன் பிறகு பிக் இல்லாமல் இரண்டு விரலும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் இதையே செய்தால் சலித்துப்போய்க் கொக்கி போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்புறம் இடது கை. சிக்ஸ்த்ஸ் வரிசையை மூன்றாவது கம்பியிலும் முதல் கம்பியிலும் மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டே வடிவம்தான்: 5-5 போல நேராக இருக்கும், அல்லது 4-3 போலச் சாய்ந்திருக்கும். இரண்டிலும் மூன்றாவது கம்பிக்கு நடுவிரல்தான். அதைக் கம்பியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், தண்டவாளத்தில் ரயில் போவது போல அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகட்டும். சாய்ந்த வடிவம் வந்தால் முதல் கம்பிக்கு ஆள்காட்டி விரல், நேர் வடிவம் வந்தால் மோதிர விரல். தேர்ட்ஸுக்கும் இதே விரலமைப்புதான், முதல் கம்பிக்குப் பதில் இரண்டாவது கம்பி, அவ்வளவே. வரிசையை மறுபடி பாருங்கள்: 4-3-3, 5-5-5, 7-7-7, 9-8-8 என்று போகும்போது இரண்டாவது கம்பியும் முதல் கம்பியும் ஒரே ஃபிரெட்டில்தான் இருக்கின்றன. 2-1-2 மட்டும்தான் விதிவிலக்கு. அதனால் சிக்ஸ்த்ஸ் தெரிந்தால் தேர்ட்ஸ் தொண்ணூறு சதவீதம் தெரிந்த மாதிரி.

இவ்வளவும் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால்தான் பயிற்சியில் ருசி வரும். ஹைப்ரிட் பிக்கிங்கும் டபுள் ஸ்டாப்பும் குடும்பம் நடத்தும் ஊர் அமெரிக்க கன்ட்ரி இசை. அங்கே முதலில் கேட்க வேண்டியவர் ஜேம்ஸ் பர்ட்டன். 1939-இல் பிறந்தவர், லூசியானாக்காரர், பாடகர் ரிக்கி நெல்சனுக்கு வாசித்தவர், 1969-லிருந்து எல்விஸ் பிரெஸ்லியின் மேடைக் குழுவில் கிட்டார். அவர் சாதாரணப் பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நடுவிரலில் ஒரு விரல்பிக் மாட்டிக்கொள்வார். உங்கள் தொந்தரவை அவர் தீர்த்துக்கொண்ட விதம் அது. பிக்கின் சத்தத்துக்கு விரல் ஈடுகொடுக்கவில்லையா, விரலுக்கும் ஒரு பிக் போட்டுவிடு. அடுத்தவர் ஆல்பர்ட் லீ. ஆங்கிலேயர், ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்காரர்களே காது கொடுத்துக் கேட்கும் கன்ட்ரி கிட்டாரிஸ்ட். பாடகி எமிலூ ஹாரிஸின் குழுவில் பர்ட்டன் விலகிய இடத்தில் 1976-இல் வந்து சேர்ந்தவர். இருவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பர்ட்டன் சொல்லைச் சுருக்கி, சுண்டிச் சுண்டிப் பேசுவார். லீ மூச்சு விடாமல் கொட்டுவார்.

அவர்கள் டபுள் ஸ்டாப்பில் ஒரு சுரம் நிற்க, இன்னொன்று மட்டும் வளைந்து ஏறும். அந்த ஆசை பெடல் ஸ்டீலிலிருந்து (காலால் பெடலை மிதித்துச் சுருதியை மாற்றும் ஸ்டீல் கிட்டார்) தொற்றியது. 1954-இல் வெளியான வெப் பியர்ஸின் பாடல் ஒன்றில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டுக்குள்ளேயே சுரத்தை ஏற்றினார். அதைக் கேட்ட ஸ்டீல் வாசிப்பவர்கள் பெடல் மாட்ட ஓடினார்கள். கிட்டார் வாசிப்பவர்கள் விரலால் அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். அது போதாமல், 1960-களின் இறுதியில் கிளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் சேர்ந்து, தோள் பட்டையை இழுத்தால் இரண்டாவது கம்பி ஒரு முழுச் சுரம் ஏறும்படி டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் ஒரு பொறியையே பொருத்திவிட்டார்கள்.

நமக்குப் பொறி வேண்டாம். 9-8-8 நினைவிருக்கிறதா, சி மேஜர்? அதில் மூன்றாவது கம்பியின் 9-க்குப் பதில் 7-இல் நடுவிரலை வையுங்கள், பின்னால் 6-இல் ஆள்காட்டி விரல் துணைக்கு. இரண்டாவது கம்பி 8-இல் மோதிர விரல், முதல் கம்பி 8-இல் சுண்டுவிரல். பிக்கும் நடுவிரலும் சேர்ந்து மூன்றாவது, இரண்டாவது கம்பிகளை விடட்டும். உடனே மூன்றாவது கம்பியை நான்காவது கம்பி இருக்கும் பக்கமாகத் தள்ளி, ஒரு முழுச் சுரம் ஏற்றுங்கள். 9-ஆவது ஃபிரெட்டில் என்ன ஒலிக்குமோ அங்கே போய் நிற்க வேண்டும். அது நிற்கும்போது வலது மோதிர விரலால் முதல் கம்பியை ஒரு சுண்டு. கீழ்ப்பக்கம் இழுத்தால் இரண்டாவது கம்பியில் மோதிவிடும், அதனால்தான் மேலே தள்ளச் சொல்கிறேன். இதில் எல்லோரும் சறுக்கும் இடம், தள்ளும் வேகத்தில் மோதிர விரலும் கூடவே நகர்ந்து இரண்டாவது கம்பியின் சுருதி ஏறிவிடுவது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கேட்க வயிற்றைக் கலக்கும். மோதிர விரல் ஆணி அடித்தது போல நிற்க வேண்டும், நடுவிரல் மட்டும் நகர வேண்டும்.

அகௌஸ்டிக் கிட்டாரில் இதை முயன்று மனம் நொந்துபோகாதீர்கள். அகௌஸ்டிக் செட்டில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக் கம்பியாக இருக்கும், முழுச் சுரம் ஏற்ற விரல் தேய்ந்துவிடும். எலெக்ட்ரிக்கில் அது வழவழப்பான ஒற்றைக் கம்பி, மெல்லிய 9 செட்டோ 10 செட்டோ (கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்கள்) போட்டிருந்தால் வளையும். அகௌஸ்டிக் வைத்திருப்பவர்கள் தள்ளுவதற்குப் பதில் 7-லிருந்து 9-க்கு வழுக்கிவிடலாம். பெடல் ஸ்டீல் ஆகாது, ஆனால் வேறு ஒரு அழகு.

அகௌஸ்டிக்கில் ஹைப்ரிட் பிக்கிங் கை கொடுக்கும் வேறு இடம் உண்டு. பாட்டுக்குத் துணை வாசிக்கும்போது. மூன்றாவது ஃபிரெட்டில் ஜி பேர் கார்டைப் (ஆள்காட்டி விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கார்டு) பிடியுங்கள். அதன் மேல் மூன்று கம்பிகளும் நம்முடைய அதே 4-3-3தான். பிக்கால் ஆறாவது கம்பியில் பேஸ், அடுத்த தட்டுக்கு நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து ஒரு டபுள் ஸ்டாப். பேஸ், சுண்டு, பேஸ், சுண்டு. சரணத்துக்கு இப்படி வாசித்துவிட்டு, பல்லவிக்கு அதே பிக்கால் முழு ஸ்ட்ரம்மிங்குக்குத் தாவலாம். முழுக்க விரலால் வாசிப்பவர் அந்தத் தாவலுக்குப் பிக்கைச் சட்டைப் பையில் தேட வேண்டியிருக்கும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஹைப்ரிட் பிக்கிங் பிடிக்கும்.

எலெக்ட்ரிக்கில் இன்னொரு விளையாட்டு, சிக்கன் பிக்கிங் என்பார்கள். டபுள் ஸ்டாப்பை விரல்களால் சுண்டிவிட்டு, இடது கை அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, செத்த கம்பியில் பிக்கால் ஒரு "டிக்". சுண்டு, டிக், சுண்டு, டிக். கோழி கொக்கரிப்பது போல இருக்கும், பெயர்க் காரணமும் அதுதான். முன்னே நான் வேண்டாம் என்ற அந்த "டப்" சத்தம் இங்கே வேண்டும், தெரிந்தே கம்பியை வெளியே இழுத்து ஃபிரெட்டில் அடிபடச் செய்வார்கள். தெரியாமல் வந்தால் பிழை, வேண்டும்போது மட்டும் வந்தால் ஸ்டைல். முதலில் அதை நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு இதற்கு வாருங்கள்.

சாமான்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பிக் மெல்லியதாக இருந்தால் அது வளைந்து திரும்பும் நேரத்தில் விரல் முந்திக்கொள்ளும், இரண்டும் ஒன்றாக விழாது. ஏறக்குறைய 0.9-லிருந்து 1.2 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ளதாகப் பாருங்கள், நுனி ரொம்பக் கூராக இல்லாமல் இருந்தால் விரலின் தொனிக்கு நெருங்கி வரும். கன்ட்ரி வாசிப்பவர்கள் கம்ப்ரஸர் பெடல் போட்டு, பிக் சத்தத்தையும் விரல் சத்தத்தையும் சமப்படுத்திக்கொள்வது வழக்கம். மேடையில் தாராளமாகப் போடுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் குறை உங்களுக்கே கேட்காது. டிஸ்டார்ஷனைக் கூட்டினால் தேர்ட்ஸ் கலங்கிப்போகும், ஃபோர்த்ஸ் தாங்கும். அந்த மாதிரி இசைக்குப் பிக் மட்டுமே போதும் என்பது என் கட்சி.

கடைசியாக நகம். எலெக்ட்ரிக்குக்கு விரல் சதையே போதும். இரண்டு மூன்று வாரத்தில் நுனி தானாகக் கெட்டிப்படும். அகௌஸ்டிக்கில் விரல் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும், அதற்கு நகம் உதவும், சதையைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆனால் ஸ்டீல் கம்பி நகத்தை அரம் போல அராவிவிடும், அடிக்கடி தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆறு மாதம் பொத்திப் பொத்தி நடுவிரலிலும் மோதிர விரலிலும் நகம் வளர்த்தேன். சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட இடது கைதான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, சர்ச்சில் காயருக்கு வாசிக்கக் கிளம்பும் நேரத்தில், அடுப்பில் பால் வைத்த அம்மா கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். புது சிலிண்டரின் மூடியில் ஒரு நைலான் கயிறு இருக்குமே, அதை இழுத்தேன், கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. அவசரத்தில் மூடியை நகத்தால் நெம்பினேன். நடுவிரல் நகம் பாதியாகப் போனது. அன்று இரவு நடுவிரலில் வெறும் சதை, மோதிர விரலில் நகம் என்று இரண்டும் கெட்டானாகத்தான் வாசித்தேன். பக்கத்தில் கீபோர்டு வாசித்த அண்ணனிடம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன், சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று. "எந்தச் சத்தம்பா?" என்றார். மறுநாள் காலையில் மோதிர விரல் நகத்தையும் வெட்டிவிட்டேன்.